மாமா காரும் மந்திரப் பெட்டியும்

செமஸ்டர் ஒரு வழியா முடிஞ்சது. நாலு மாசமா என் தலையில் ஓடிக்கிட்டிருந்த ஒரு சமாச்சாரத்தை இன்னிக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். கார், டர்போன்னதும் ஓடிடாதீங்க. பத்தாவது படிச்ச பிசிக்ஸ் போதும், மீதியை நான் பார்த்துக்கறேன் :-)

டர்போ இருக்கிற காரில், சோப்பு டப்பா சைஸில் ஒரு பெட்டியை மாட்டினா 20, 25 சதவீதம் பவர் கூடும்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. டியூனிங் பாக்ஸ்னு பேரு. நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன்கள் 'சிப்பு'ன்னு சொல்வாங்க. உள்ளே எந்தச் சிப்பையும் மாத்தறதில்லைங்கறது வேற விஷயம். இருக்கிற ரெண்டு கனெக்டருக்கு நடுவில் சொருகினா முடிஞ்சது. பிடிக்கலைன்னா பிடுங்கிடலாம். ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊர்லேர்ந்து வர்ற ரேஸ்சிப் உலகம் பூரா விக்குது. நம்ம பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ்காரங்க டீசலுக்குன்னே 'டீசல்ட்ரானிக்'னு ஒண்ணு செஞ்சு வித்தாங்க.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, என் மாமா. அம்மாவோட தம்பி. வீடு முருங்கப்பாக்கம், வேலை கடலூர் சிப்காட். தினமும் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில்னு போய்த் திரும்பணும். கார் 2014 மாடல் டீசல். நம்ம நாட்டில் எக்கச்சக்கமா ஓடின அந்த 1.3 லிட்டர் இன்ஜின் குடும்பத்தில் ஒண்ணு.

மாமாவோட கவலை ரேஸ் இல்லை. ஓவர்டேக். முன்னாடி கரும்பு ஏத்தின டிராக்டர் போகுது, எதிரே ரோடு காலி, ஆக்சிலரேட்டரை அழுத்தறார். வண்டி ரெண்டு வினாடி யோசிக்குது. யோசிச்சு முடிச்சுக் கிளம்பும்போது எதிரே ஒரு பஸ் வந்துடுது. பின் சீட்டில் அத்தை, ரெண்டு பிள்ளைங்க. ஒரு தடவை ரொம்பக் கிட்டத்தில் தப்பிச்சதுக்கு அப்புறம் அத்தை முன் சீட்டில் உட்காரவே மாட்டேன்னுட்டாங்க. வண்டியை வித்துட்டுப் புதுசு எடுக்கலாம்னா எட்டு லட்சத்துக்கு லோன் போடணும். மூத்தவ அடுத்த வருஷம் காலேஜ்.

"இன்னா மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கற? இந்தப் பொட்டி நெஜமாவே வேலை செய்யுமா, இல்ல டுபாக்கூரா? பார்த்துச் சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு"ன்னுட்டார். பரீட்சையில் அஞ்சு மார்க் கேள்விக்குப் பதில் எழுதறது வேற, மாமா குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்குப் பதில் சொல்றது வேற.

நம்ம பாண்டியில் இப்படி ஒரு ஆசை வர்றதே கொஞ்சம் காமெடி. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே எந்த வீதியிலும் மூணாவது கியர் போட வேண்டிய அவசியமே இல்லை. பீச் ரோட்டில் சாயங்காலம் ஆச்சுன்னா வண்டியே விட மாட்டாங்க. ராஜா தியேட்டர் சிக்னலில் நூறு குதிரை வச்சிருக்கிறவனும் பக்கத்தில் ஸ்கூட்டி வச்சிருக்கிறவனும் ஒரே நேரத்தில்தான் நகர முடியும். ஆனா ஊரைத் தாண்டிட்டா கதை வேற.

இன்னொரு பாண்டிச் சம்பந்தமும் இருக்கு. டர்போவுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கினவர் ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி. ஆனா முதல் உலகப் போர் சமயத்தில் ரெனோ விமான இன்ஜினில் அதை மாட்டி ஓட்டிக் காட்டினவர் பிரெஞ்சுக்காரர் ஓகுஸ்த் ரதோ. 1977-ல் ஃபார்முலா ஒன்னுக்கு முதல் டர்போ காரைக் கொண்டு வந்ததும் ரெனோதான். அந்தக் கார் புகை விட்டு விட்டு நின்னதைப் பார்த்து 'மஞ்சள் டீ கெட்டில்'னு கிண்டல் பண்ணினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 1979-ல், பிரான்ஸிலேயே ஜெயிச்சது. பவர் ஏத்தினா முதல்ல புகைதான் வரும்ங்கறதுக்கு இது ஒரு பழைய சாட்சி.

சரி, மேட்டருக்கு வருவோம். பெட்டி என்னதான் பண்ணுது?

ஒரே வரியில் சொன்னா, பொய் சொல்லுது.

காமன் ரெயில் டீசல் இன்ஜினில், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவா ஒரு தடிமனான குழாய் இருக்கும். அதுதான் ரெயில். ஆல்ஃபா ரோமியோ 156 காரில் 1997-ல் முதல் தடவையா வந்தது. குழாய்க்குள்ளே டீசல் பயங்கர அழுத்தத்தில் காத்துக்கிட்டிருக்கும். வண்டி சும்மா நிக்கும்போதே 300 பார் பக்கம், முழுசா மிதிச்சா 1600 பார் வரைக்கும். நம்ம கார் டயரில் இருக்கிறது சுமார் 2 பார்தான், ஒப்பிட்டுப் பார்த்துக்குங்க. ரெயில் முனையில் ஒரு சென்சார். மூணு வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். அழுத்தம் ஏற ஏற, சிக்னல் வோல்டேஜ் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரைக்கும் ஏறும். அதைப் பார்த்துத்தான் ஈசியூ, அதாவது வண்டியோட மூளை, பம்ப்பை அடக்குது, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு முடிவு பண்ணுது.

பெட்டி அந்தச் சிக்னல் வயருக்கு நடுவில் போய் உட்கார்ந்துக்கும். உதாரணத்துக்கு, 500 பாருக்கு ஒரு வோல்ட்னு வச்சுக்குவோம். ரெயிலில் 1000 பார் இருந்தா சென்சார் 2.5 வோல்ட் அனுப்பும். பெட்டி அதை 2.3 ஆக்கி அனுப்பும். ஈசியூ பார்க்கும், 'ஐயோ, 900தான் இருக்கா?'ன்னு பம்ப்பை முடுக்கும். நிஜ அழுத்தம் 1100-ஐத் தொடும்போது, தனக்கு 1000 கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுத் திருப்தியாயிடும். இன்ஜெக்டர் திறக்கிற நேரம் அதேதான், ஆனா அழுத்தம் கூடினதால் டீசல் கூடுதலா பீய்ச்சும். கூடுதல் டீசல், கூடுதல் இழுவை. அவ்ளோதான் மந்திரம்.

டர்போ பெட்ரோலில் இதே வித்தையை, இன்ஜினுக்குள் போற காத்தோட அழுத்தத்தை அளக்கிற சென்சாரில் பண்ணுவாங்க. காத்து கம்மியா இருக்குன்னு நம்பி ஈசியூ டர்போவை இன்னும் ஊதச் சொல்லும். அங்கே நாக்கிங் வர்ற ஆபத்தும் கூடவே வரும்.

இப்ப நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஓட்டை வழியா பீய்ச்சுற திரவத்தோட அளவு, அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் கூடாது. அழுத்தத்தோட வர்க்கமூல விகிதத்தில்தான் கூடும். பெர்னூலி தாத்தா அன்னிக்கே சொன்னது. அப்படின்னா அழுத்தம் 10 சதவீதம் கூடினா டீசல் சுமார் 5 சதவீதம்தான் கூடும். விளம்பரத்தில் போட்டிருக்கிற 25 சதவீதம் வேணும்னா அழுத்தம் 1.25 பெருக்கல் 1.25, அதாவது 56 சதவீதம் கூடணும். ஏற்கெனவே 1600-ல் இருக்கிற ரெயிலை 2500 பாருக்குக் கொண்டு போகணும். பம்ப்பும் தாங்காது, ரெயிலும் தாங்காது, ஈசியூவும் சும்மா இருக்காது. ஆக, அழுத்தத்தை மட்டும் ஏமாத்துற பெட்டி உச்ச வேகத்தில் பெருசா ஒண்ணும் கிழிக்க முடியாது. அழுத்தம் உச்சத்தைத் தொடாத நடு ஆர்பிஎம்மில்தான் அதோட விளையாட்டு. நல்லவேளை, மாமாவுக்கு வேண்டியதும் அங்கேதான்.

இன்னொண்ணு. டீசலை மட்டும் கூட்டினாப் போதாது, அதை எரிக்கக் காத்து வேணும். இந்த 1.3 இன்ஜின் ஃபியட்டோட வடிவமைப்பு. 2007-ல் ஸ்விஃப்ட்டில் வந்து பிரபலமாகி, அப்புறம் டாடா, செவர்லே வரைக்கும் போச்சு. மாருதி 2020 ஏப்ரலோட டீசலையே நிறுத்திடுச்சு. இதே 1248 சிசி இன்ஜின் ஒரு காரில் 75 குதிரை, இன்னொரு காரில் 90 குதிரை. ரெண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் டர்போ: 90 குதிரை வண்டியில் இறக்கையோட கோணம் மாறுற டர்போ, 75-ல் சாதாரண டர்போ. அதாவது கம்பெனிக்காரனே 15 குதிரை கூட்டறதுக்கு வெறும் சாஃப்ட்வேரை நம்பலை, இரும்பையும் மாத்தினான். நாம நானூறு கிராம் பெட்டியில் அதை எதிர்பார்க்கறது கொஞ்சம் ஓவர்தான்.

பெட்டி தேர்ந்தெடுக்கறதுக்கு நான் பிரிச்சு வச்ச வகை இது:

முதல் வகை, ஓபிடி சாக்கெட்டில் சொருகுற அஞ்சுநூறு ரூபாய் சமாச்சாரம். 'பவர் கூடும், மைலேஜும் கூடும்'னு அட்டையில் போட்டிருக்கும். ஒண்ணைக் கழட்டிப் பார்த்தேன். மூணு எல்இடி மினுக்கறதுக்கு ஒரு சர்க்யூட், அவ்வளவுதான். வண்டியோட பேசறதுக்கான பாகமே உள்ளே இல்லை. சண்டே மார்க்கெட்டில் பொம்மை வாங்கினாக்கூடக் குழந்தை விளையாடும்.

ரெண்டாவது, ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டுறது. கால் 30 சதவீதம் அழுத்தினா 50-ன்னு சொல்லும். வண்டி சுறுசுறுப்பான மாதிரி தெரியும். பவர் ஒரு குதிரைகூடக் கூடாது. முழுசா மிதிச்சா முன்ன இருந்த அதே வண்டிதான்.

மூணாவது, வெறும் ரெசிஸ்டர் பெட்டி. சிக்னலை எல்லா நேரமும் ஒரே மாதிரி குறைக்கும். ஐடிலில்கூடப் பொய் சொல்லும். இதுதான் ஆபத்தான வகை.

நாலாவது, உள்ளே மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிற நிஜமான பெட்டி. எந்த இடத்தில் எவ்வளவு பொய்யின்னு அளந்து சொல்லும். அளவை மாத்த ரெண்டு மூணு செட்டிங், வண்டிக்குன்னே செஞ்ச கனெக்டர், கழட்டினா பழைய நிலைக்குத் திரும்புற வசதி.

அஞ்சாவது ரீமேப். ஈசியூவுக்குள்ளேயே போய் அட்டவணையை மாத்தறது. பொய்க்குப் பதிலா உத்தரவையே திருத்தி எழுதறதால், நல்லவர் கையில் இதுதான் சுத்தமான வேலை. ஆனா சொருகிப் பிடுங்க முடியாது.

பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரு சீனியர்கிட்ட அதே இன்ஜினுக்கான நாலாவது வகைப் பெட்டி சும்மா கிடந்தது. காரை வித்துட்டாராம். "ரெண்டு வாரம் போட்டுப் பாரு, பிடிச்சா காசு கொடு"ன்னு அனுப்பினார். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

மாட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு கண்டிஷன் போட்டேன். முதல்ல வண்டி ஆரோக்கியமா இருக்கான்னு பார்க்கணும். காய்ச்சல்காரனுக்கு டானிக் கொடுக்கக் கூடாது இல்லையா? நெல்லித்தோப்பில் மாமாவுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டோம். ஏர் ஃபில்டர் மண்ணு, டீசல் ஃபில்டர் மாத்த வேண்டிய காலம் தாண்டிப் போச்சு. அப்புறம் அவர் டர்போவிலிருந்து வர்ற ரப்பர் ஹோஸைக் கையால் தடவி, விரலைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு. கிளிப்புக்குக் கீழே ஒரு அங்குலத்துக்கு வெடிப்பு. பத்து வருஷம் ஓடின ரப்பர், வேற என்ன ஆகும்? டர்போ ஊதுற காத்தில் ஒரு பங்கு அந்த வழியா வெளியே போய்க்கிட்டிருந்தது.

ஹோஸும் ரெண்டு ஃபில்டரும் மாத்தினோம். ஞாயித்துக்கிழமை விடியக்காலை ஊசுடு ஏரிப் பக்கம் ஆளில்லாத ஒரு நேர் ரோட்டில் நான் போன் ஸ்டாப்வாட்சைப் பிடிச்சுக்கிட்டேன். நாலாவது கியரில் 50-லிருந்து 80. பழுது பார்க்கறதுக்கு முன்னாடி பத்து வினாடிக்கு மேல ஆனது, ஒன்பதுக்குக் கீழே வந்தது. பெட்டி இன்னும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கு :-)

அப்புறம் மாட்டினோம். வேலை அரை மணி நேரம்தான். சாவியை எடுத்துட்டுப் பதினஞ்சு நிமிஷம் வண்டியைத் தூங்க விடணும், ஈசியூ முழுசா அணையணும். இன்ஜின் ஆறியிருக்கணும். மேல் மூடியைக் கழட்டி ரெயில் சென்சாரோட கனெக்டரைக் கண்டுபிடிக்கணும். பூட்டு கிளிப்பை அழுத்திட்டுத்தான் இழுக்கணும், பழைய பிளாஸ்டிக் பட்டுனு உடையும். எக்காரணம் கொண்டும் டீசல் குழாயோட நட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டி வரலாம். பெட்டியோட ஒரு முனை சென்சாருக்கு, மறு முனை வண்டி வயருக்கு. டர்போ, சைலன்சர் சூடு படாத இடத்தில் பெட்டியை வச்சு, ஆடாம டை போட்டுக் கட்டினோம். ஸ்டார்ட் பண்ணினா ஐடில் சீரா இருந்தது, எச்சரிக்கை விளக்கு எரியலை.

முதல் செட்டிங்கில் நல்ல வித்தியாசம் தெரியலை. ரெண்டாவதில் அதே 50-80 இன்னும் ஒரு வினாடி குறைஞ்சது. அந்த யோசனை நேரம் நிஜமாவே சுருங்கியிருந்தது. மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே! மூணாவது செட்டிங்கில் கண்ணாடியில் பார்த்தா பின்னாடி கறுப்புத் திரை. எரிய முடியாத டீசல். டர்போவுக்குப் போற சூடும் கூடுதுன்னு அர்த்தம். உடனே ரெண்டுக்கு இறக்கிட்டேன்.

இங்கேதான் ரொம்ப சுவாரஸ்யமான விஷயம். மாமா மூணாவது நாளே போன் பண்ணினார். "மாப்ள, மீட்டர்ல மைலேஜ் கூட கூடிருக்குடா!" யோசிச்சுப் பாருங்க. டேஷ்போர்டில் காட்டுற மைலேஜைக் கணக்குப் போடறது யாரு? ஈசியூ. அதுக்குத் தெரிஞ்ச அழுத்தம் எது? பெட்டி சொன்ன பொய். நிஜத்தில் கூடுதலா போற டீசல் அதோட கணக்கிலேயே இல்லை. கொத்தனார் ஏமாத்தின சிமென்ட் மூட்டையைக் கணக்குப் பிள்ளை எழுதாத மாதிரி. ப்ளூடூத் ஓபிடி ரீடரைப் போட்டுப் பார்த்தாலும் ரெயில் அழுத்தம் நார்மல்னுதான் வரும், அதுவும் ஈசியூவைத்தானே கேக்குது. 'எனக்கு மைலேஜும் கூடிச்சு'ன்னு சொல்றவங்கள்ல பல பேர் இந்த மீட்டரைப் பார்த்துத்தான் சொல்றாங்கன்னு நினைக்கிறேன். நாங்க ஒரே பங்கில் டேங்கை ரொப்பி, ஓட்டி, மறுபடி ரொப்பிக் கணக்குப் போட்டோம். மைலேஜ் கூடவும் இல்லை, பெருசா குறையவும் இல்லை. எனக்கு இது பவரை விட முக்கியமாப் பட்டது. பெட்டி மாட்டினதுக்கு அப்புறம், வண்டிக்கு உடம்பு சரியில்லைன்னா சொல்ல வேண்டிய ஆளே பொய்க் கணக்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.

கடைசியா சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் சாரம் இது: பதிவுச் சான்றில் இருக்கிற விவரம், தயாரிப்பாளர் முதல்ல சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதியாச் சொல்லிச்சு. அதே வருஷம் திருத்தின சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னு இருக்கு. ஜெர்மனியில் இந்த மாதிரிப் பெட்டிக்கு டியூவி சான்று வாங்கி வண்டிப் பேப்பரிலேயே ஏத்திக்க வழி இருக்கு. அந்த மாதிரி நேர் வழி இங்கே நமக்குக் கிடைக்கலை.

மாமாவோட இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கிட்டயும் கேட்டோம். அவர் சுத்தி வளைக்கலை. "சார், இன்ஜின்ல மாற்றம்னா எழுத்துல சொல்லணும். சொன்னா கம்பெனி ஒத்துக்குமான்னு தெரியாது. சொல்லாம வச்சிருந்து ஏதாவது ஆச்சுன்னா, கிளெய்மை நிறுத்த அவங்களுக்கு அந்த ஒரு காரணம் போதும்."

அன்னிக்கு ராத்திரி மாமா வீட்டுத் திண்ணையில் நானும் அவரும். நான் என் நோட்டைக் காட்டினேன். பத்து வினாடி எட்டுக்குக் கிட்ட வந்திருக்கு. அதில் பாதிக்கு மேல ஹோஸும் ஃபில்டரும் வாங்கிக் கொடுத்தது, மீதி ஒரு வினாடி பெட்டியோடது. அந்த ஒரு வினாடிக்கு வேற வழி இருக்கான்னு கேட்டார். இருக்கு. ஓவர்டேக்குக்கு முன்னாடியே நாலாவதிலிருந்து மூணாவதுக்கு இறக்கி, ஆர்பிஎம் 2000-க்கு மேல வச்சுக்கிட்டு வெளியே எடுத்தா, டர்போ ஏற்கெனவே ஊதிக்கிட்டிருக்கும். பெட்டி கொடுத்ததை விட அதிகமாவே கிடைக்கும். காசும் கிடையாது, கேஸும் கிடையாது.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அவருக்கு அந்த இழுவை பிடிச்சிருந்தது, எனக்குத் தெரியும். அப்புறம், "பிடுங்கிடு மாப்ள. அந்தக் காசுக்கு முன்னாடி ரெண்டு டயர் போட்டுக்கறேன். பிரேக் போட்டா நிக்கணும்ல?" சீனியருக்குப் பெட்டி மறுநாளே பார்சலாயிடுச்சு.

பெட்டியே வேஸ்ட்னு நான் சொல்ல வரலை. நல்ல பெட்டி சொன்னதைச் செய்யுது, நானே அளந்து பார்த்தேன். ஆனா அது புதுசா எதையும் உண்டாக்கறதில்லை. மே மாச வெயில், சுமாரான டீசல், ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டம், இதுக்கெல்லாம் சேர்த்து வடிவமைச்சவன் இன்ஜினில் கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வச்சிருக்கான். அந்தச் சேமிப்பிலிருந்துதான் பெட்டி எடுத்துச் செலவு பண்ணுது. எடுக்கறவங்க பாஸ்புக்கில் எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு எடுங்க. அதுக்கும் முன்னாடி, ஹோஸைத் தடவிப் பாருங்க. விரலில் எண்ணெய் ஒட்டுதான்னு.

வரட்டா?